சலரோகமும் இளைஞர் உள்ளமும்

'வருத்தம்' என்னும் சொல்லுக்குச் செந்தமிழ் வழக்கில் மனத்துயர் என்பதே பெரும்பான்மைப் பொருள். ஈழநாட்டுத் தமிழரோ உடல்நோயையும் அச்சொல்லாலேயே குறிப்பர். காய்ச்சற்காரனும் வருத்தக்காரனே, மகனைப் பிரிந்து வாடும் தாயும் வருத்தத்தோடு இருப்பவளே. உருத்திரபுரத்து வாய்க்காற்கரையில் நின்று பேசும் முதியோர், நூல்கள் நீரிழிவு என்றும் மதுமேகம் என்றும் வழங்கும் சலரோகத்தைச் 'சீனி வருத்தம்' என்று சொல்லக் கேட்கலாம். உடலின் துன்பமும் உள்ளத்தின் துன்பமும் ஒரே பெயர் தாங்கி நிற்பது மொழியின் தற்செயலாகவே இருத்தல் கூடும். ஆயினும் வேறெந்த நோயினும் பார்க்க இந்நோய்க்கு அப்பெயர் பொருந்துமாறு எங்ஙனம், சிறப்பாக இளமைப் பருவத்திலே இந்நோயைச் சுமப்போர்க்கு அது எத்துணை உண்மை என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மனத்துயருக்கும் சிறுநீரிற் சர்க்கரைக்கும் தொடர்புண்டு என்பது பழைய ஐயம். சுசுருதர் இந்நோயைப் பிறப்போடு வருவதென்றும் தகாத உணவால் வருவதென்றும் இருவகைப்படுத்தி, முன்னையோர் மெலிந்தும் பின்னையோர் பருத்தும் இருப்பர் எனக் கூறினார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டு மருத்துவர் தோமஸ் வில்லிஸ், நோயாளரின் சிறுநீர் தேனொத்த இனிப்புடையது என்பதைச் சுவைத்தறிந்து எழுதியதோடு, நெடுநாட் கவலையையும் இந்நோயின் காரணங்களுள் ஒன்றாக எண்ணினார். 1849ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் குளோட் பேர்னாட் முயலின் மூளையடியில் ஓரிடத்தை ஊசியாற் குத்த, சிறிது நேரத்தில் அதன் சிறுநீரிற் சர்க்கரை தோன்றிற்று. சர்க்கரையின் ஆட்சியில் மூளைக்கும் பங்குண்டு என்பது அன்றே தெளிவாயிற்று.

இவ்வழியில் அமெரிக்காவின் ஹார்வட் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பயிற்றிய வோல்ட்டர் கனன் செய்த சோதனைகள் மாணவர்க்குப் பெரிதும் சுவை பயப்பன. 1911இல் அவர் கூட்டிலடைத்த பூனைகளின் முன்னே நாயொன்றைக் குரைக்கவிட்டார். அச்சமுற்ற பூனைகளின் சிறுநீரிற் சர்க்கரை காணப்பட்டது. அதிரினற் சுரப்பிகள் அகற்றப்பெற்ற பூனைகளிலோ அச்சம் இருந்தும் சர்க்கரை தோன்றவில்லை. பூனைக்கு நிகழ்வது மனிதர்க்கும் நிகழுமோ என அறிய அவரும் அவர் தோழரும் விளையாட்டு வீரரை நாடினர். 1913ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதியான, மிக்க பரபரப்பான உதைபந்தாட்டம் முடிந்தவுடன் இருபத்தைந்து வீரரின் சிறுநீர் சோதிக்கப்பட, பன்னிருவரிடம் சர்க்கரை காணப்பட்டது. வியப்பு யாதெனில், அப்பன்னிருவருள் ஐவர் ஆட்டத்தில் இறங்காதவர். அழைப்பு வருமோ வராதோ என வாங்கிலே காத்திருந்த பதிலாட்கள். பரீட்சை எழுதிய மாணவரும் இவ்வாறே சோதிக்கப்பட்டனர். மருத்துவ மாணவர் முப்பத்துமூவருள் அறுவரிடமும், பெண்கள் கல்லூரி மாணவியர் முப்பத்தறுவருள் அறுவரிடமும், முன்பு இல்லாத சர்க்கரை பரீட்சை முடிவிற் காணப்பட்டது. இவரெல்லாம் சலரோகம் இல்லாதவர். பரீட்சை மண்டபம் குரைக்கும் நாய்க்கு ஒப்பாகும் என்பதை மாணவ நேயர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதன் காரணம் உடலின் அமைப்பிலேயே உள்ளது. நாம் உண்ணும் சோறும் பிட்டும் குருதியிற் குளுக்கோசாகச் சேர்கின்றன. அதன் மிகுதியை ஈரல் கிளைக்கோசன் என்னும் மாப்பொருளாக்கிச் சேமிக்கின்றது. சதையி, அதாவது தமிழகத்தார் கணையம் என்று கூறும் உறுப்பு, சுரக்கும் இன்சுலினே குளுக்கோசு கலங்களுட் புகுவதற்குக் கதவு திறப்பது. ஆபத்து நேருங்கால் அதிரினலின், கோட்டிசோல், குளூக்ககன் என்னும் ஓமோன்கள் இதற்கு எதிராகத் தொழிற்படுகின்றன. ஓடவோ போரிடவோ தசைகளுக்கு எரிபொருள் வேண்டுமாதலின், ஈரலின் களஞ்சியம் திறக்கப்படுகிறது. இன்சுலினின் வலிமையும் தற்காலிகமாகக் குன்றுகிறது. நலமுடையோரில் ஆபத்து நீங்கியதும் சதையி மேலும் இன்சுலின் சுரந்து சமன் செய்துவிடும். சலரோகமுடையோரில் அச்சமன் செய்யும் கை இல்லை, அன்றேல் தளர்ந்துள்ளது. ஆதலின் ஒரு சினமோ அச்சமோ குருதியில் ஏற்றிவிட்ட சர்க்கரை, மணிக்கணக்காக அங்கேயே நின்றுவிடுகிறது. சிலரிற் கவலை சர்க்கரையை இறக்குவதும் உண்டு. கவலையினால் உண்ணாதிருத்தலே அதற்குப் பெருங்காரணம்.

ஒரு தெளிவு இங்கே இன்றியமையாதது. மனத்துயர் சர்க்கரையை ஏற்றும் என்பது ஒன்று. மனத்துயரே நோயை உண்டாக்கியது என்பது வேறொன்று. இளமையில் வரும் சலரோகத்தின் முதல்வகை, உடலின் காப்புப் படையே சதையியின் இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பகையென மயங்கி அழித்தலால் நேர்வது. இரண்டாம் வகை, இன்சுலின் இருந்தும் அது செவ்வனே தொழிற்படாமையால் நேர்வது. முன்னர் நடுவயதினர் நோயாகக் கருதப்பட்ட இது, இப்பொழுது தென்னாசிய இளைஞரிடையும், அவ்வளவு பருமனில்லாதவரிடத்துங்கூட, காணப்படுகின்றது. 1930களில் அமெரிக்க உளமருத்துவர் சிலர் 'சலரோக மனப்பாங்கு' என ஒன்று உண்டென்றும் அதுவே நோய்க்கு மூலமென்றும் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் அதனை நிலைநிறுத்தவில்லை. ஆயினும் அக்கொள்கையின் நிழல் நம்மூர்களில் இன்னும் உலவுகின்றது. 'இடப்பெயர்விலே பிள்ளை பயந்ததுதான் காரணம்', 'நான் இனிப்புக் கொடுத்து வளர்த்ததுதான் காரணம்' என்று தம்மையே நொந்துகொள்ளும் தாய்மார்க்கு, முதல்வகைச் சலரோகம் எவருடைய குற்றமும் அன்று என்பதை வைத்தியரும் ஆசிரியரும் ஒருமுறைக்கு மும்முறை சொல்லுதல் வேண்டும்.

நிற்க. நூலறிவை விட்டு ஊரறிவுக்கு வருவோம். கிளிநொச்சி நகருக்கு அணித்தாக, இரணைமடு நீர் பாயும் வயல்களிடையே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குடியேற்றமாக வளர்ந்த ஊர் உருத்திரபுரம். அங்கே உயர்தர வகுப்பிற் பயிலும் ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். பெயர் வேண்டா, இத்தகையோர் எவ்வூரிலும் உளர். பதினாறாம் வயதில் உடல் மெலிந்து, ஓயாத் தாகங்கொண்டு, ஒருநாள் மயங்கி வைத்தியசாலை சேர்ந்தபோது நோய் அறியப்பட்டது. காலையும் மாலையும் உணவுக்கு அரைமணி முன்னதாக இன்சுலின் ஊசி. ஊசி போட்டபின் உண்ணாதிருத்தல் ஆகாது. மாதந்தோறும் கிளினிக். அரசினர் வைத்தியசாலையில் இன்சுலினுக்குக் காசில்லை. வீட்டிற் குருதி பார்க்கும் கருவிக்குரிய கீற்றுக்களோ பெரும்பாலும் கடையில் வாங்க வேண்டியவை. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒவ்வொரு கீற்றும் ஒரு கணக்கு. ஆகவே நாளைக்கு நான்குமுறை பார் என்பது நூலில் எழுதுவதற்கு எளிது.

இம்மாணவன் தான் பார்க்கும் எண்களைக் கொப்பியில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டு செல்லல் வேண்டும். நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை அக்கொப்பியே. ஒருநாட் காலை 260 எனக் கருவி காட்டுகின்றது. 'களவாய் என்னத்தைத் தின்றனீ, சொல்லு' என்கிறாள் தாய். அவள் கேள்வியில் அன்பும் அச்சமுமே உள்ளன. ஆயின் பிள்ளையின் செவியில் விழுவது தீர்ப்பு. அவன் ஒன்றும் தின்றிலன். அடுத்த கிளினிக்கில் நிற்போர் பலர். வைத்தியருக்கு ஒருவர்க்கென ஒதுக்கச் சில நிமிடமே உண்டு. அவரும் எண்ணைக் கண்டு முகம் சுளிக்கிறார். அடுத்த மாதம் கொப்பியில் 130, 142, 125 என அழகிய எண்கள் வரிசையாக நிற்கின்றன. அவை முந்தினநாள் இரவு ஒரே பேனையால் எழுதப்பட்டவை.

இப்பொய் எவ்வளவு கொடியது என்பதை அவன் அறியான். பொய்யெண்ணை நம்பும் வைத்தியர் உயர்த்த வேண்டிய மருந்தை உயர்த்தாது விடுவர். அன்றி மூன்றுமாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி சோதனை கொப்பியோடு முரண்படக் கண்டு மாணவன் மேல் நம்பிக்கை இழப்பர். இரண்டும் கேடே. ஆனால் அவனைப் பொய்யனென்று ஒதுக்குமுன், காலையில் 260 ஏற எத்துணைக் காரணங்கள் உண்டென எண்ணுவோமாக. வளரும் பருவத்து ஓமோன்கள் இன்சுலினை எதிர்ப்பதால் அதன் தேவை மிகுகின்றது. விடியற்காலையில் இயல்பாகவே சர்க்கரை ஏறும். உள்ளே ஒரு பற்கட்டோ சளியோ இருக்கலாம். வலிக்கு அஞ்சி ஒரே இடத்தில் ஊசி போட்டுவர, அங்கே தோலின் கீழ்க் கொழுப்புத் திரண்டு மருந்து சீராக உட்செல்லாதிருக்கலாம். பெண்பிள்ளைகட்கு மாதவிலக்கை ஒட்டி எண்கள் மாறுவதும் உண்டு. இரவு இறங்கிய சர்க்கரையை உடல் தானே ஏற்ற முயன்றிருக்கலாம். மறுநாட் பரீட்சையை எண்ணி உறங்காதிருந்திருக்கலாம்.

வன்னிக்கே சிறப்பான காரணம் ஒன்று உண்டு, அது வெயில். பாவிக்கத் தொடங்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைத்தல் வேண்டும். பாவனையில் உள்ளதும் வெப்பம் மிகாத இடத்தில் ஏறக்குறைய நான்கு கிழமைக்கே தாங்கும். தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வைகாசி மாதங்களிற் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் வைத்த மருந்து, நிறம் மாறாமலே வலியிழந்துவிடும். பிள்ளை ஒழுங்காக ஊசி போட்டும் சர்க்கரை ஏறுகின்றது. ஏறிய சர்க்கரைக்கு அவன் நாவின்மேற் பழி விழுகின்றது. மண்முட்டி ஒன்றனுள் சிறு முட்டியை வைத்து, இடையே மணலிட்டு, மணலை ஈரமாக வைத்து, உள்முட்டியில் மருந்தை வைத்தால், நீர் ஆவியாகும்போது வெப்பம் தணிந்து மருந்து ஓரளவு காக்கப்படும். நம் பாட்டிமார் தண்ணீர்ப் பானையில் அறிந்த அறிவே இது. ஒரு முட்டியும் சிறிது மணலும் ஒரு பிள்ளையின்மேற் சுமத்தப்படும் பொய்ப்பழியைத் துடைக்குமெனின், உளநலத்துக்குச் செய்யும் மருந்துகளுள் அதனையும் ஒன்றாக எண்ணுதல் தகும்.

எண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாது செய்தியாகக் கொள்ளுதலே இந்நோயிற் கற்கவேண்டிய முதற்பாடம். 260 என்பது 'நீ தீயவன்' என்பதன்று. 'காரணம் தேடு' என்பது. எண்ணைக் கண்டு வெட்கப்படுபவன் எண்ணைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறான். பாராத சர்க்கரை மேலும் ஏறுகின்றது. ஏறியதை உணர்ந்து மேலும் வெட்குகிறான். ஓமோன்கள் செய்யும் கேட்டினும் இச்சுழல் செய்யும் கேடு பெரிதென்பதே எமது கருத்து.

இதற்குச் சான்றாக அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த பேராய்வொன்றைக் காட்டலாம். முதல்வகைச் சலரோகமுடைய 1,441 பேர், பதின்மூன்று வயது முதல் முப்பத்தொன்பது வயதினர், அதிற் பங்குகொண்டனர். ஒரு பகுதியார்க்கு அக்கால வழக்கப்படியான மருத்துவம்; மறு பகுதியார்க்குச் செறிந்த மருத்துவம். செறிந்த மருத்துவம் பெற்றோரின் எச்.பி.ஏ.1சி ஏறக்குறைய 7 ஆகவும் ஏனையோரது 9 ஆகவும் இருந்தன. கண்ணோய் இல்லாதிருந்தோரில் அது தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. இப்பெருவெற்றியை யாவரும் இன்சுலினின் வெற்றியாகவே எடுத்துரைப்பர். அது மெய்யே. ஆனால் அச்செறிந்த மருத்துவத்தில் ஊசிகள் மட்டும் இருந்தில. அவர்கள் மாதந்தோறும் மருத்துவக் குழுவினரைக் கண்டனர், இடையிடையே தொலைபேசியிலும் பேசினர். உற்றதைச் சொல்ல ஓர் ஆள், கேட்க ஒரு செவி, அவர்க்கு இருந்தன. அவ்வளவு வசதிகளுக்கிடையேயும் பதின்ம வயதினரின் சராசரி 8 அளவில் நின்றதேயன்றி வளர்ந்தோரைப்போல் 7ஐ எட்டவில்லை என்பதையும் பெற்றோர் நினைவிற் கொள்ளல் நன்று. உலகின் சிறந்த மருத்துவ நிலையங்களாற் செய்யவியலாததை உருத்திரபுரத்துப் பிள்ளை ஒருவன் தனியே செய்திலன் என்று கடிதல் முறையோ?

சர்க்கரை ஏறுதல் ஒரு துன்பமாயின் இறங்குதல் வேறொரு துன்பம். மனத்தை உடனே தாக்குவதில் அதுவே வலியது. உடலின் எடையிற் சிறுபங்கே ஆயினும் மூளை, ஓய்வில் நாம் செலவிடும் ஆற்றலில் ஐந்திலொரு பங்கைத் தானே கொள்வது; அதற்குக் குளுக்கோசே முதன்மையான உணவு. குருதியிற் சர்க்கரை டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமிற் குறையும்போது உடல் நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி எழும். மேலும் குறையின் சொல் குழறும், காரணமின்றிச் சினம் வரும், கேட்டது விளங்காது. வகுப்பறையில் இவ்வாறு நேருங்கால் அறியாத ஆசிரியர், மாணவன் அடங்காதவன் என்றோ, உறக்கத்தில் உள்ளான் என்றோ, வேறெதையோ உட்கொண்டு வந்தான் என்றோ எண்ணிவிடுதல் கூடும். இத்தகைய வேளையிற் செய்ய வேண்டியது ஒன்றே: மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தல். விழுங்க இயலாது மயங்கினவன் வாயில் ஒன்றும் ஊற்றலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

இதில் நுட்பமானது யாதெனில், நடுக்கம், வியர்வை, படபடப்பு என்னும் இக்குறிகளை உண்டாக்குவதும் அதிரினலினே. அச்சத்தின் குறிகளும் அவையே. பரீட்சைக்கு முன்னர்ப் படபடக்கும் மாணவன், தன் நெஞ்சு அச்சத்தாற் படபடக்கின்றதோ சர்க்கரை இறங்கியதாற் படபடக்கின்றதோ என அறியமாட்டான். அச்சமென எண்ணி வாளாவிருந்து மயங்குவோரும் உளர். சர்க்கரைக் குறைவென எண்ணி இனிப்பை உண்டு 300க்கு ஏற்றிக்கொள்வோரும் உளர். கருவியாற் பார்த்தலன்றி இதனை அறிய வழியில்லை. ஒருமுறை பலர்முன் மயங்கி விழுந்த இளைஞன் அந்நாணத்தை எளிதில் மறவான். மீண்டும் அஃது நேராதிருக்கத் தானாகவே ஊசியின் அளவைக் குறைத்து, சர்க்கரையை எப்போதும் சற்று உயரவே வைத்துக்கொள்வான். வீட்டார் அதனைச் சோம்பலென்பர். உண்மையில் அஃது அச்சம். வயல் வேலையோ உதைபந்தாட்டமோ மிகுந்த நாளிற் பல மணிநேரம் கழித்து, உறக்கத்திலும் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதை அவனுக்கு முன்னரே விளக்கி, அந்நாளில் மருந்தையும் உணவையும் எப்படி மாற்றுவதென வைத்தியரிடம் கேட்டறியச் செய்தால் அவ்வச்சம் பெரிதும் குறையும்.

இனி, சோர்வு பற்றிச் சில சொற்கள். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் பொலொன்ஸ்கியும் பிறரும் 1995இல் இருபது வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். நோயின் நாட்கடன்களால் விளையும் சலிப்பு, குற்றவுணர்வு, எதிர்காலம் பற்றிய அச்சம் என்பனவற்றை அளப்பது அது. இச்சலிப்பு மனநோய் அன்று. இறக்கி வைக்க இடமில்லாத சுமையைச் சுமப்பவனுக்குத் தோள் வலிப்பது போன்றது. மனச்சோர்வு நோய் என்பது இதனின் வேறு. இரு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பின்மை, உறக்கக்கேடு, தன்னை வெறுத்தல், வாழ்வில் நம்பிக்கையின்மை என்பன தொடருமாயின் அது மருத்துவம் வேண்டும் நோய். சலரோகமுடையோரிடத்து அது ஏனையோரினும் ஏறக்குறைய இருமடங்கு காணப்படுகின்றதென 2001இல் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். முன்னையதற்குப் பேச்சும் துணையும் பயிற்சியும் போதும். பின்னையதற்கு உளமருத்துவரைக் காணல் வேண்டும். மாவட்ட வைத்தியசாலைகளில் அதற்கெனப் பிரிவுகள் உள்ளன. 1926 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய மனநல நிறுவகத்தாரோடு பேசவும் இயலும்.

வன்னியில் இச்சோர்வை இனங்காணுதல் கடினம். ஏனெனில் அங்கே எல்லாருக்கும் ஒரு சோர்வு உண்டு. 2009 சனவரியிற் கிளிநொச்சி வீழுமுன்னரே உருத்திரபுரத்தார் ஊரைவிட்டுக் கிழக்கே பெயர்ந்தனர். மே மாதம் போர் முடியுமட்டும் பெயர்ந்துகொண்டேயிருந்தனர். பின் செட்டிகுளத்து முகாம்கள். அதன்பின் கூரையற்ற வீடுகளுக்கு மீட்சி. இன்று இருபதுகளின் நடுவில் நிற்போர் அன்று பள்ளிச் சிறுவர். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில், காயம்பட்டது தனிமனிதர் மட்டுமல்லர், குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயம்பட்டன என்பதை எடுத்துக்காட்டினார். குடும்பங்களில் ஒருவர்மேல் ஒருவர்க்கிருந்த நம்பிக்கை தளர்ந்ததையும், மௌனம் பரவியதையும் அவர் கண்டார். அத்தகைய வீட்டில் ஒரு பிள்ளை 'எனக்கு ஊசி போட்டுப் போட்டுச் சலித்துவிட்டது' என்று எப்படி வாய் திறப்பான்? அண்ணனை இழந்த தாய்க்கு முன்னே தன் சலிப்பு மிகச் சிறிதென்றே எண்ணுவான். 'இதைவிடப் பெரிதையெல்லாம் கண்டோம்' என்னும் சொல், ஆறுதலாகச் சொல்லப்படினும், அவன் வாயை அடைத்துவிடுகின்றது. 2022இல் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்ட மாதங்களிலோ மருந்து நின்றுவிடுமோ என்னும் அச்சம் கற்பனையன்று. முதல்வகை நோயாளருக்கு இன்சுலின் நிற்பது உயிர் நிற்பதே. அன்று கவலைப்பட்டோரை மனவலியற்றோர் என்று எவர் சொல்வார்?

மறைத்தல் என்னும் பழக்கத்தைப் பற்றித் தனியே கூறவேண்டும். இன்சுலின் 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரிற் பிரடெரிக் பாண்டிங்காலும் சாள்ஸ் பெஸ்ற்றாலும் பிரித்தெடுக்கப்பட்டு, 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்டது. அவ்வாண்டு ஓகத்து மாதம் எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி அந்நகருக்கு அழைத்துவரப்பட்டாள். அமெரிக்க வெளிநாட்டமைச்சர் சாள்ஸ் எவன்ஸ் ஹியூசின் மகள் அவள். பட்டினி மருத்துவத்தால் மூன்றாண்டு உயிர் பிடித்திருந்து, பதினைந்தாம் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னர் ஏறக்குறைய 45 இறாத்தல் எடையுடன் பாண்டிங்கைக் கண்டாள். இன்சுலின் பெற்று, கல்லூரி சென்று, மணந்து, மக்களைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தாள். இவ்வரலாற்றை நம்மவர் வெற்றிக் கதையாக விரும்பிச் சொல்வர். ஆயின் அவள் தன் நோயை வாழ்நாள் முழுதும் உலகறியாது மறைத்தே வாழ்ந்தாள் என்னும் பகுதியைச் சொல்வார் குறைவு. செல்வமும் செல்வாக்கும் உடையவளுக்கே அந்நிலை எனின், வரன் பார்க்கும் வயதிற் கிளினிக் கொப்பியை அலுமாரியின் அடியில் ஒளிக்கும் நம்மூர்ப் பெண்ணைக் குறைகூற யாம் ஒருப்படோம்.

ஆயினும் மறைத்தலின் விலையை அவள் அறிதல் வேண்டும். மணமான புதிதில், மாமியார் வீட்டிற் பலர் நடுவே ஊசி போட இடமின்றி, ஒருவேளை தவறி, இருவேளை தவறி, உடலில் நச்சமிலம் சேர்ந்து வாந்தியும் மூச்சுத்திணறலுமாக வைத்தியசாலை சேர்தல் முதல்வகை நோயாளர்க்கு நேரக்கூடியதே. கருவுறுமுன் சர்க்கரையைச் சீர்செய்தல் தாய்க்கும் சேய்க்கும் இன்றியமையாதது. மறைத்தவளுக்கு அந்த ஆயத்தம் வாய்ப்பதில்லை. சாதகப் பொருத்தம் பார்ப்போர் இரு வீட்டாரும் சேர்ந்து ஒருமுறை வைத்தியரைக் கண்டு பேசினால் ஒன்றும் குறைந்துவிடாது. இந்நோயுடையோர் மணந்து நலமான மக்களைப் பெற்று வாழ்தல் இன்று பொது நிகழ்ச்சி.

விரதம் பற்றியும் ஒரு சொல். கந்தசஷ்டியின் ஆறு நாளும், கேதாரகௌரி நோன்பின் இருபத்தொரு நாளும் நம்மூர் இளைஞர் பலர் நோற்பர். உருத்திரபுரத்துச் சிவன் கோயில் வீதியில் தோழர் யாவரும் நோன்பிருக்கத் தான்மட்டும் உண்பது ஓர் இளைஞனுக்கு எளிதன்று. ஊசியும் போட்டு உண்ணாமலும் இருப்பின் சர்க்கரை ஆபத்தாக இறங்கும்; உண்ணவில்லையே என்று ஊசியை முற்றும் நிறுத்தின் முதல்வகை நோயாளர் நச்சமிலத்தில் வீழ்வர். ஆதலின் நோற்க விரும்புவோர் சில கிழமைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். பாலும் பழமும் கொண்டு காக்கும் விரதமும் நம் வழக்கில் உள்ளதே. அதனை இயலாதவன் விரதம் என எள்ளுவோரே விரதத்தின் பொருளறியார். இடையே இன்னொன்று: பனங்கட்டி சீனியினும் நல்லதென்று தாராளமாகக் கடிப்போர் அதுவும் சர்க்கரையே என்பதை மறத்தலாகாது. வருவோர்க்கெல்லாம் இனிப்புத் தேநீர் நீட்டும் நம் விருந்தோம்பலில், 'சீனி போடலாமோ' என்று யாவரையும் கேட்கும் பழக்கம் புகுமாயின், மறுப்பவன் ஒவ்வொரு வீட்டிலும் தன் நோய்வரலாறு சொல்லும் கடனினின்றும் விடுபடுவான்.

கல்லூரிகள் செய்யக்கூடியன சிறியன. ஆயினும் உடனே செய்யக்கூடியன. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வொன்று வளர்ந்தோரிற் பத்தில் ஒருவர்க்குச் சலரோகம் உண்டெனக் கண்டது. ஆதலின் ஆசிரியர் அறையிலும் இந்நோயுடையோர் இருப்பர். மாணவன் தனியன் அல்லன். தாமும் மாத்திரை உண்பதை ஓர் ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லின் அதுவே பெருந்துணை. சர்க்கரை மிகுந்த வேளையிற் சிறுநீர் அடிக்கடி கழிக்க நேரும். பாட நடுவே எழுந்து செல்லக் கேட்கும் மாணவனிடம் காரணம் வினவி வகுப்பைச் சிரிக்க வைத்தல் ஆகாது. ஊசி போட ஒரு மறைவான மூலை, அலுவலகத்தில் ஒரு போத்தல் சீனி, எவர்க்கு என்ன செய்வதென அறிந்த இரு ஆசிரியர், ஒரு நெருங்கிய தோழன் இருந்தாற் போதும். பரீட்சைக்கு முன்னரே மண்டப மேற்பார்வையாளருக்கு வைத்தியர் கடிதத்தோடு அறிவித்து, குருதி பார்க்கும் கருவியையும் குளுக்கோசுப் பொதியையும் மேசைமேல் வைத்திருக்க இசைவு பெறல் வேண்டும். மூன்று மணிநேர வினாத்தாளின் இரண்டாம் மணியில் கை நடுங்கத் தொடங்கும் மாணவன், எழுந்து கேட்க வெட்கி இருந்துவிடாது, அப்பொதியைத் தானே பிரித்து உண்டு, கால்மணி பொறுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்குவான்.